ஃபெலிக்ஸ் அழித்த வரிசை

1999 ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை. ஃபெலிக்ஸுக்கு அப்போது வயது நாற்பத்தேழு. அதில் பாதிக்கு மேல் வரைபடம் போட்டே கழிந்திருந்தது. அன்று காலை, வடலூர் சாலையை ஒட்டிய பொட்டல் ஒன்றில், பெரிய கூட்டத்துக்கு நடுவே, தன் வாழ்நாளில் செய்த மிகப் பெரிய தப்பைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு அவர் நின்றார். அது தன் தப்பு என்று அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அந்தப் பொட்டல் புதிதாகப் போட்ட மனைப்பிரிவு. நெய்வேலியில் ரிட்டையர் ஆகிறவருக்கு வேலையோடு குவார்ட்டர்ஸும் போய்விடும். முப்பது வருடம் குடியிருந்து, மாமரம் வைத்து, பெண்ணுக்குக் கல்யாணம் செய்த வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அதனால் ஐம்பத்தைந்தைத் தாண்டிய எல்லாரும் வடலூர்ப் பக்கம் ஒரு மனை தேடுவார்கள். கொளஞ்சியப்பன் அதைப் புரிந்துகொண்டவர். பலாவும் முந்திரியும் போட்டிருந்த தன் நிலத்தை மனைகளாக்கி, தை மாதம் பார்த்து, பந்தல் போட்டு, வாங்கியவர்களைக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார். வரைபடத்தைப் பார்த்து மனைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பில் கோடு போட்டாயிற்று. அவரவர் மனையில் நின்று சூடம் ஏற்ற வேண்டியதுதான்.

கடைசி வரிசையில் வாங்கிய கொளஞ்சிநாதனுக்கோ மனையைக் காணோம். சுரங்கத்தில் ஆபரேட்டர், மார்ச்சில் ரிட்டையர். அவரும் மனைவி சந்திரகலாவும் மேற்குக் கோடிவரை நடந்து பார்த்தார்கள். சுண்ணாம்புக் கோடு முடிந்த இடத்துக்கு அப்பால் வெறும் முள்செடிதான். அந்த வரிசையில் மனை வாங்கிய மற்றவர்களும் அங்கேயே வந்து முட்டிக்கொண்டு நின்றார்கள். சந்திரகலா கையில் தாம்பாளம், அதில் தேங்காய், வெற்றிலை, சூடம். வைக்க இடமில்லாமல் அதை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னா அண்ணி, வூட்ட தேடிக்கினு இருக்கீங்களா?” என்றார் பக்கத்து மனைக்காரர். “கம்ப்யூட்டர்ல போட்ட படமாம். அதுவே முழுங்கிடுச்சு போல.”

கூட்டம் சிரித்தது. சந்திரகலா சிரிக்கவில்லை.

மனை விற்ற கொளஞ்சியப்பன் பிரிண்ட்டை விரித்துப் பார்த்தார். படத்திலும் அந்த வரிசை இல்லை. விற்ற மனையைக் காணோம் என்றால் தான் யார் முகத்தில் விழிப்பது என்று கோபாலகிருஷ்ணனைப் பிடித்துக்கொண்டார். மந்தாரக்குப்பத்தில் மருந்துக்கடை மாடியில் ட்ராயிங் ஆபீஸ் நடத்துபவர் கோபாலகிருஷ்ணன். ஃபெலிக்ஸின் முதலாளி. எல்லார் முன்னும் வாங்கிக் கட்டிக்கொண்ட அவர், முகம் சிவந்து ஃபெலிக்ஸ் பக்கம் திரும்பினார்.

“சாஹிராதான பிரிண்ட் எடுத்தது? ஃபைலும் அவளுதுதான். போற வழியில அவங்க வூட்ல சொல்லிட்டுப் போயிடுங்க. நாளைலேருந்து வர வேணாம்.”

ஃபெலிக்ஸ் தலையாட்டினார்.

அவர் அப்படித் தலையாட்டியது ஏன் என்று தெரிய, ஒரு வருடம் பின்னால் போக வேண்டும். அந்த ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்தபோது, படம் வரையும் மரப்பலகைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் படம் போடும் ஆட்டோகேட்டைக் கடலூரில் படித்துவிட்டு வந்த லியோவையும் சாஹிராவையும் வேலைக்கு எடுத்தார்கள். அதுவரை ஃபெலிக்ஸ்தான் அங்கே எல்லாம். ட்ரேசிங் தாளில் மசியால் அவர் எழுதும் எழுத்தைப் பார்க்கவே சில இன்ஜினியர்கள் மாடி ஏறி வருவார்கள். அப்படிப்பட்டவர் கைக்கு மவுஸ் அடங்கவில்லை. கோடு போட ஒருவாறு கற்றுக்கொண்டார். பல கோடுகளை ஒரே தடவையில் சேர்த்துப் பிடிப்பது எப்படி என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. ஒரு கட்டடத்தைச் சற்று நகர்த்த வேண்டுமென்றால் அதன் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாகக் கிளிக் செய்வார். சுவர், ஜன்னல், படி, படியின் ஒவ்வொரு கோடு. மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வரும்போதும் கிளிக் செய்துகொண்டிருப்பார்.

“சார் ஒவ்வொரு கோட்டையும் பேர் சொல்லிக் கூப்புடறாரு” என்று லியோ ஒருநாள் சொன்னான். சாஹிரா அவனை முறைத்தாள். பிறகு தணிந்த குரலில், “சார், பெட்டி போட்டு மொத்தமா எடுக்கலாம். காட்டட்டுமா?” என்று கேட்டாள்.

“தெரியும்மா. நீ உன் வேலையப் பாரு.”

சொன்னபிறகு எப்படிக் கேட்பது? லியோவின் தோளுக்குப் பின்னால் காபி டம்ளரோடு நின்று, அவன் என்ன செய்கிறான் என்று கவனித்தார். காலி இடத்தில் ஒரு கிளிக், எதிர்மூலையில் இன்னொரு கிளிக். நடுவில் ஒரு பெட்டி விரிகிறது, உள்ளே இருப்பதெல்லாம் பிடிபடுகிறது. இவ்வளவுதானா என்று நினைத்தார். அவர் கவனிக்காதது ஒன்றே ஒன்று: பெட்டி எந்தப் பக்கமிருந்து விரிகிறது என்பது. இடமிருந்து வலமாக விரித்தால், முழுசாக உள்ளே அடங்கியவை மட்டும் பிடிபடும். வலமிருந்து இடமாக விரித்தால் பெட்டியின் ஓரம் உரசியதுகூடப் பிடிபடும். பெட்டியின் கோடு சில நேரம் முழுசாகவும் சில நேரம் விட்டுவிட்டும் தெரிவதை ஃபெலிக்ஸ் பார்த்திருந்தார். திரையில் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டார்.

வரையும்போது அவர் கை இடமிருந்துதான் போகும். மசி காய்வதற்குள் கை பட்டுவிடக்கூடாது என்று பழகிய பழக்கம். அழிக்கும்போது அப்படியில்லை. ட்ரேசிங் தாளில் தப்பான மசியைப் பிளேடால் சுரண்டுகிறவர் அவர். பிளேடு வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் வரும். மவுஸிலும் கை அப்படியே வந்தது. அதனால் நகர்த்தும்போதெல்லாம் சொன்னதைக் கேட்ட கம்ப்யூட்டர், அழிக்கும்போது மட்டும் சிலசமயம் கூடுதலாக வாரிக்கொண்டு போனது. அதற்கு ஏதோ கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குச் சில நாள் முன்னால், ரம்ஜான் அன்று சாஹிரா லீவு. கோபாலகிருஷ்ணன் கடலூர் போயிருந்தார். லியோ சாப்பிடப் போன நேரத்தில் கொளஞ்சியப்பன் போன் செய்தார். மேற்குப் பக்கம் பழைய வரப்புக் கோடு படத்தில் தெரிகிறதாம்; வாங்குகிறவர்கள் பார்த்தால் வம்பு, எடுத்துவிடுங்கள் என்றார். ஃபெலிக்ஸ் சாஹிராவின் ஃபைலைத் திறந்து, வரப்பை மட்டும் பெரிதாக்கி, வலப்பக்கமிருந்து பெட்டி போட்டு அழித்தார். வரப்பை ஒட்டியிருந்த மனைகளின் ஓரம் பெட்டியில் உரசியது. எண்ணோடு சேர்த்து ஒன்றாகக் கட்டிவைத்திருந்த மனைகள். உரசியதும் முழுசாகப் போயின. திரையில் தெரிந்தது அவற்றின் ஓரம்தான். வேண்டாத கோடுகள் போயின என்று நினைத்து, சேமித்துவிட்டு எழுந்தார். மறுநாள் வந்த சாஹிரா அந்த ஃபைலை அப்படியே பிரிண்ட் எடுத்து மடித்துக் கொடுத்தாள்.

பொட்டலில், பிரிண்ட்டைக் கண்ட நொடியே ஃபெலிக்ஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருந்தும் தலையைத்தான் ஆட்டினார்.

திரும்பும் வழியில் டி.வி.எஸ். 50-ஐ சாஹிரா வீட்டு வாசலில் நிறுத்தினார். அவள் அப்பா சமியுல்லா கடைத்தெருவில் கயிறும் தார்ப்பாயும் விற்பவர். வாங்க வாங்க என்று நாற்காலி போட்டார். அம்மா தாஜ் பீவி டீ கொண்டுவந்து வைத்தாள். ஃபெலிக்ஸ் டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைப் பார்த்தபடியே முதலாளி சொல்லச் சொன்னதைச் சொன்னார். ஒரு வரிசை விட்டுப்போனதையும் சொன்னார். எப்படி விட்டுப்போனது என்பதைச் சொல்லவில்லை.

சாஹிரா கதவோரம் நின்றிருந்தாள். “நான் ஒருதரம் ஒத்துப் பாத்திருக்கணும் சார். தப்பு என்னுதுதான்” என்றாள்.

சமியுல்லா வாசல்வரை வந்தார். “உங்க பேச்சுக்கு அவரு மதிப்பு குடுப்பாரு. இவளுக்காக நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாங்க?”

“பாக்கறேன் பாய்” என்றார் ஃபெலிக்ஸ்.

வீட்டில் மனைவி மரியபுஷ்பம் சோறு போட்டாள். சுரங்கக் கம்பெனி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் பேரில்தான் அந்தக் குவார்ட்டர்ஸ். என்ன நடந்தது என்று கேட்டாள். படத்தில் ஒரு வரிசை போய்விட்டது, சாஹிராவை நிறுத்திவிட்டார்கள் என்றார். அந்தப் பெண் அப்படிச் செய்கிறவள் இல்லையே என்று அவள் சொன்னதும் ஃபெலிக்ஸ் பாதிச் சோற்றில் கை கழுவினார்.

திங்கட்கிழமை காலை, செருப்பைக் கழற்றியதும் நேராக முதலாளி மேசைக்குப் போனார். வரிசையை அழித்தது நான்தான் என்றார். கோபாலகிருஷ்ணன் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“உங்க கையில ஒரு கோடு தப்பி நான் பாத்ததில்ல. அந்தப் பொண்ணுக்காகப் பாவம் பாத்துப் பழிய ஏத்துக்கினு நிக்காதீங்க.”

ஃபெலிக்ஸ் இதை எதிர்பார்க்கவில்லை. திட்டு வாங்கத் தயாராக வந்தவரை நல்லவர் என்கிறார் முதலாளி. அப்படியே விட்டுவிட்டால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. சாஹிரா போய்விடுவாள், அவருக்கு இரக்கக்காரர் என்ற பெயர் வேறு மிஞ்சும். அந்த நினைப்பு ஒரு கணம் இனித்தது. அது இனித்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“பாவம் பாக்கலைங்க. எனக்குத் தெரியாதுங்க. கம்ப்யூட்டர்ல சேத்துப் புடிக்கறது எப்படின்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. வாங்க, காட்டறேன்.”

லீவு போகும் முன் சாஹிரா பிளாப்பியில் எடுத்துவைத்திருந்த பழைய படத்தை லியோவைத் திறக்கச் சொன்னார். எல்லா வரிசையும் அதில் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் முதலாளி, லியோ, அந்நேரம் பார்த்து வந்திருந்த ஒரு மேஸ்திரி. வரப்பைப் பெரிதாக்கினார். கை தானாகவே வலப்பக்கம் போய் நின்றது. ஒரு கிளிக். இடது மூலையில் இன்னொரு கிளிக். அழித்தார். லியோ குனிந்து படத்தை முழுசாக விரித்தான். கடைசி வரிசை இல்லை.

மேஸ்திரிக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. எல்லாரும் ஏன் ஃபெலிக்ஸைப் பார்க்கிறார்கள் என்று அவரும் பார்த்தார்.

“சார்,” லியோவின் குரலில் கிண்டல் இல்லை, “இடது பக்கத்துலேருந்து இழுத்திருந்தா வரப்பு மட்டும்தான் போயிருக்கும். கிளாஸ்ல மொத நாளே இதத்தான் சொல்லிக் குடுப்பாங்க.”

மொத நாளே. ஃபெலிக்ஸுக்குக் காது சுட்டது. சுவரில் சாய்த்திருந்த பலகைகளைப் பார்க்க மனமில்லாமல் தரையைப் பார்த்தார்.

கோபாலகிருஷ்ணன் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, வர வேண்டாம் என்று சொன்னவரே போய் சாஹிராவைக் கூட்டிக்கொண்டு வரட்டும் என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் சமியுல்லா வீட்டில் ஃபெலிக்ஸ் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், போன் வந்தது முதல் பெட்டி போட்டதுவரை. சமியுல்லா கேட்டு முடித்தார்.

“நேத்து இங்க உக்காந்து டீ குடிக்கசொல்லவே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும் பாய்.”

சமியுல்லா எழுந்து உள்ளே போய்விட்டார். சாஹிரா மட்டும் நின்றாள். அவள் முகத்தில் கோபத்தைவிட அயர்ச்சிதான் அதிகம் இருந்தது.

“அன்னிக்கு நான் காட்டறேன்னு சொன்னப்போ சரின்னு சொல்லியிருக்கலாமே சார்.”

வேலைக்கு வருகிறேன் என்றாள் அவள், ஆனால் ஒன்று: இனி அவர் கை வைத்த படம் எதையும், அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கோட்டுக்குக் கோடு ஒத்துப் பார்க்காமல் அவள் பிரிண்ட் எடுக்கமாட்டாள். அதை முதலாளியிடம் அவரே சொல்ல வேண்டும். ஃபெலிக்ஸ் சரி என்றார்.

செவ்வாய்க்கிழமை குடியரசு தினம், ஆபீஸ் லீவு. புதன்கிழமை காலை சாஹிராவின் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தன. விட்டுப்போன வரிசையும் சேர்ந்த புதுப் பிரிண்ட் கொளஞ்சியப்பனுக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தது.