தகப்பன் பெயர் என்ற கட்டம்

மகள் பிறந்த பதினோராம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, பிறப்பைப் பதிய எங்கள் மலாய்த் தீவின் ஜார்ஜ்டவுனில் உள்ள அலுவலகத்துக்குப் போனோம். எங்களுக்குக் கல்யாணமாகி அன்றோடு சரியாக ஐந்து மாதம். குழந்தைக்குத் தகப்பன் வேறொருவன், விட்டுவிட்டுப் போனவன். அது தெரிந்துதான் தாலி கட்டினேன். ஆனால் எங்கள் வழக்கத்தில் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயர் வரும். என் பெயரைக் கொடுப்பேனா என்று மனைவி ஒருநாளும் கேட்டதில்லை.

விண்ணப்பத்தை நான் நிரப்பினேன். எட்டிப் பார்த்தவள் முகம் சுண்டிப்போனது. தகப்பன் பெயர் என்ற கட்டத்தில் இருந்தது என் பெயர் இல்லை, வேறு யாருடையதோ.

"பிடிக்கலன்னா காலியா விட்டுடுங்க லா," என்றாள் மெதுவாக.

குனிந்து பார்த்தேன். எழுதியிருந்தது என் அப்பாவின் பெயர்! பள்ளி நாளிலிருந்து அந்தக் கட்டத்தில் அதைத்தானே எழுதி வந்திருக்கிறேன்.

தாளை அவளிடம் நீட்டினேன். படித்தவள், குழந்தை விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள்.

"மாமாவுக்கு எழுபத்தெட்டு வயசுங்க. பாவம், இப்போ போய் ஒரு பொண்ணா?"

வேறு தாள் வாங்கி, காலை பத்து இருபதுக்கு, அந்தக் கட்டத்தில் முதல் தடவையாக என் பெயரை எழுதினேன்.