மறுபக்கம் ஓடாத தாள்

சிவகாசியில் எங்கள் வீட்டு அலமாரிகளில் விரித்திருந்ததெல்லாம் ஒருபக்க வேஸ்ட் தாள்தான். அச்சுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் வீடு எல்லாமே அப்படித்தான் இருக்கும். மெஷினில் தாளின் ஒரு பக்கத்தை முதலில் ஓட்டி, மை காயவிட்டு, மறுநாள் அடுத்த பக்கத்தை ஓட்டுவோம். முதல் பக்கத்திலேயே மை பிசகிப்போன தாள்களைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவோம். அரிசிப் பானையை மூட, பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போட, பால் கணக்கு எழுத என்று எல்லாவற்றுக்கும் ஆகும். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் அது இன்னும் ஓடவில்லை என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பதினைந்து வருஷம் மெஷின் ஓட்டிய எனக்குத் தெரியாமல் போகுமா?

தெருவுக்கு ஒருவரோ இருவரோ மட்டும் செல்போன் வைத்திருந்த வருஷம் அது. என் மனைவி ஐந்து மாதம். அதற்கு முந்தைய வருஷம் ஒரு பிள்ளை வயிற்றிலேயே கலைந்துபோயிருந்ததால், இந்தத் தடவை அவள் மாடிப்படி ஏறினால்கூட நான் பயந்துபோவேன். பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள். எனக்குக் கோபம்தான் வரும்.

அவள் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரையில் பிறந்தவள். மீன் இல்லாத சோறு அவளுக்கு இறங்காது. எங்கள் ஊருக்கு வந்து சேரும் மீனை மூக்கைச் சுளித்துக்கொண்டு பார்ப்பாள். மாசமாக இருக்கும் மகளுக்கு ஆசைப்பட்டதை ஆக்கிக் கொண்டுவந்து போடுவது தாயின் கடமை என்று அவள் அம்மா, என் அத்தை, ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்குவாளி நிறையச் சூரைமீன் குழம்போடு பஸ் ஏறி வந்துவிட்டார். வெளிநாட்டுக்காரர்கள் டூனா என்று டின்னில் அடைத்துத் தின்கிறார்களே, அந்தச் சூரைதான்.

காலண்டர் சீசன் என்பதால் அன்று எனக்கு அரைநாள் வேலை இருந்தது. அன்று காலையில் என் மெஷினில் ஓடியது காலண்டர் அல்ல. ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்காரர்கள் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதற்காக ஆர்டர் செய்திருந்த நோட்டீஸ். அச்சுக்கு வருகிற விஷயத்தை நான் படிக்கிற ஆள் இல்லை, எழுத்து நேராக விழுகிறதா என்று மட்டும் பார்ப்பேன். ஆனால் 'வயிற்றில் வளரும் குழந்தை' என்ற வார்த்தை கண்ணில் பட்டதும் மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தேன். கடலில் கலக்கும் பாதரசம் சின்ன மீனுக்குள் போகும், சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனில் அது சேர்ந்துகொண்டே வரும், வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது, பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், அதனால் சுறாவையும் பெரிய சூரையையும் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும் என்று போட்டிருந்தது. அடியில் சின்ன எழுத்தில் 'மறுபக்கம் பார்க்க' என்று இருந்தது. மறுபக்கத்துக்கான அச்சுப் பிளேட் திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். நான் ஒரு வேஸ்ட் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே குழம்பு வாசனை. என் மனைவி இரண்டு துண்டு மீனைத் தின்று முடித்துவிட்டு மூன்றாவதைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பல நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"என்ன மீனு இது?" என்றேன்.

"சூரைதான் மாப்பிள்ள," என்றார் அத்தை. "சின்னச் சூரை, என் முழங்கை நீளங்கூட இருக்காது. கருப்புச் சதையெல்லாம் எடுத்துட்டுத்தான் வச்சேன். கை களுவிட்டு உக்காருங்க, சூடா இருக்கு."

நான் உட்காரவில்லை. "வெசத்த ஆக்கிக் கொண்டாந்திருக்கீகளே அத்த! பிள்ள மூளைய கெடுக்கவா பஸ் ஏறி வந்தீக?" என்று கத்தினேன். அத்தைக்கு எழுத்து தெரியாது. தாளை விரித்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

என் மனைவி எச்சில் கையோடு எட்டிப் பார்த்தாள். "மறுபக்கம் பார்க்கன்னு போட்டிருக்கே?"

"பாரு, நல்லாப் பாரு! என்ன இருக்கு அங்கன?" என்று தாளைத் திருப்பிக் காட்டினேன். ஒன்றுமில்லை. வெள்ளைத்தாள்.

கோபத்தில் புத்தி வேலை செய்யவில்லை என்று எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். அது பொய். தாளைத் திருப்பும்போதே அந்தப் பக்கம் இன்னும் ஓடவில்லை என்று ஞாபகம் வந்தது. அதற்குள் குரல் உயர்ந்துவிட்டது, இறங்கிவர மனமில்லை. தூக்குவாளியை எடுத்துப்போய் வாசல் சாக்கடையில் குழம்பைக் கொட்டினேன். அத்தை வாளியை வாங்கித் தானே கழுவினார். மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.

மறுநாள் பின்பக்கம் ஓடியது. என் மெஷினில், என் கையாலேயே. சின்னச் சூரையில் பாதரசம் குறைவு, வாரம் ஒரு வேளை அளவோடு சாப்பிடலாம். நெத்திலி, சாளை மாதிரிச் சின்ன மீன்களை வாரத்தில் இரண்டு மூன்று வேளை சாப்பிடுவது நல்லது. பயந்துபோய் மீனை அடியோடு நிறுத்தக் கூடாது, பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு மீன் உதவும். தெரியாமல் ஒருநாள் பெரிய மீனைத் தின்றுவிட்டால் பதற வேண்டியதில்லை. எல்லாம் அதில் இருந்தது. இரண்டு பக்கமும் ஓடிய தாள் ஒன்றைக் கொண்டுவந்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன். நல்ல நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பட்டாசுக்குக் கலக்கும் அலுமினியப் பவுடர் ஒட்டிய கையோடு ஆட்கள் மத்தியானச் சோறு தின்னும் ஊரில், கடலில் இருந்து வந்த மீனுக்கு அத்தனை ஆர்ப்பாட்டம் செய்துவிட்டு, தப்பு என்னுடையது என்று எப்படிச் சொல்வது?

மகள் பிறந்தாள். நன்றாகவே இருந்தாள். ஆனால் இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்றார் டாக்டர். அத்தை நம்பவில்லை. வரும்போதெல்லாம் வாசலிலேயே, "பிள்ள ஏதும் பேசுதா?" என்று கேட்பார். வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கி வருவார். வீட்டில் ஆக்கியது எதையும் அதன்பிறகு கொண்டுவந்ததே இல்லை.

ஆடி வெள்ளியில் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போனோம். கூட்டத்தில் என் பக்கத்தில் நின்றபடி அத்தை மெதுவாகச் சொன்னார்: "நான் கொண்டாந்த மீனாலதான் மாப்பிள்ள இப்படி ஆயிப்போச்சு. பிள்ள வாய் தொறக்கிற வரைக்கும் மீனு தொட மாட்டேன்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்த, விடுங்க," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை. என் மகளுக்காவது பேசத் தெரியாமல் இருந்தது.

அடுத்த தைக்குள் மகள் பேசத் தொடங்கினாள். அப்புறம் அவளை நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. அத்தை மட்டும் மீனுக்குத் திரும்பவில்லை. "ஆத்தா குடுத்துட்டா. குடுத்தப்புறம் நான் மீனத் தின்னா நல்லாருக்குமா?" என்பார். கடற்கரை வீட்டில், எல்லோரும் மீன் தின்ன, அவர் மோரும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டு எழுந்துபோவார். நான் அவர் கையால் பரிமாறிய மீனைக் குனிந்தபடி தின்பேன்.

மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அத்தை இறந்துபோனார். பதினாறாம் நாள் படையலுக்கு அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தார்கள். உறவுக்காரப் பெண் ஒருத்தி சூரைக் குழம்புச் சட்டியைத் தூக்கி வந்தாள்.

"அத வைக்காதீங்க," என்றாள் என் மனைவி. "அம்மா அதத் தொட்டே வருஷக்கணக்காச்சு."

சட்டி உள்ளே போய்விட்டது.

ஊருக்குத் திரும்பியதும் பெட்டியின் அடியிலிருந்து தாளை எடுத்து என் மனைவியிடம் கொடுத்தேன். முன்பக்கத்தைப் பார்த்ததுமே அது எந்தத் தாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. திருப்பினாள். நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"மறுநாளே," என்றேன்.