முளைக்காத முளைப்பாரி

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்று மறந்துபோகிறது, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது மராட்டிச் சீமையில் கட்கி என்ற ஊரில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் தோட்டா ஃபாக்டரியில் வேலை. அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு இருந்தாள். பட்டாளத்து மாடுகளுக்குப் புல் வளர்க்கும் பண்ணையில் விதை புடைக்கப் போவாள். அந்த வருஷம் அவளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு எங்கள் அப்பா வயது. முதல் சம்சாரம் தவறிப்போய்ப் பிள்ளைகள் வேறு. சித்தியை யாரும் கேட்கவில்லை. பங்குனியில் மாரியம்மனுக்கு அவள் வைக்கும் முளைப்பாரி நன்றாக எழும்பினால் நிச்சயம் பண்ணலாம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டுப் போனாள்.

அது ரேஷன் காலம். பயறைக் கொண்டுபோய் மண்ணில் போட அம்மாவுக்கு மனசு வரவில்லை. "நீ வேலை செய்யற எடத்துல வெதை கொட்டிக் கெடக்குதே, ஒரு பிடி கொண்டுவாடி. ஆத்தாவுக்குப் புல்லும் ஒண்ணுதான், பயறும் ஒண்ணுதான்" என்றாள்.

மறுநாள் சித்திக்குச் சோறு கொண்டுபோனேன். கொட்டகையில் போன வருஷத்து மூட்டை ஒன்று, புது மூட்டை ஒன்று. வேலை வாங்கும் மராட்டிக்காரியை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். சாமிக்கு முளை போட ஒரு பிடி விதை வேண்டும் என்று சித்தி கேட்டதற்கு அவள் பழைய மூட்டையைக் காட்டி, "ஜூனா கே, ஜூனா" என்றாள். பழசை எடு என்று. சித்தி தலையாட்டினாள். பாய் அந்தப் பக்கம் போனதும் புது மூட்டையில் கைவிட்டு அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். சாமிக்கல்லவா, புதுசுதானே எடுப்பாள் என்று நினைத்தேன்.

திருவிழாவன்று மற்ற வீட்டுச் சட்டிகளில் முளை ஒரு சாண் நின்றது. எங்கள் சட்டியில் ஈர மண். "ஆத்தாவே வேணாங்கறா, நாம யாரு?" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்து போய்விட்டாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சித்தி அன்றைக்கு இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். துக்கத்தில் பசிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சட்டியைக் குழாயடிக்குப் பின்னால் போட்டுவிட்டார்கள். மழை பிடித்தபின் ஒருநாள் பார்த்தால் அதில் பச்சைப் பசேலென்று புல். அம்மாவைக் கூப்பிட வாயெடுத்தேன். சித்தி என் வாயைப் பொத்தினாள். அவ்வளவையும் பிடுங்கி எதிர்வீட்டு ஆட்டுக்குப் போட்டாள். ஏன் சிரித்தாள் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது கட்கிக்குப் பக்கத்திலேயே ஔந்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகளுக்குப் புல் விதைகளைச் சேமித்து வைக்கும் இடத்தில் வேலை. போன மாதம் அழைத்துப்போய்க் காட்டினாள். குளிர் அறையில் வெள்ளித்தாள் உறைகள், எல்லாம் புல். "மேய்ச்சல் நெலமெல்லாம் பில்டிங் ஆயிடுது, அத்தை. ஒவ்வொரு மலைப்புல்லும் ஒவ்வொரு தினுசு. போனா வராது" என்றாள். பிறகு ஒரு உறையை என் கையில் கொடுத்து, "இதோட புது வெதை முளைக்காது, தெரியுமா? பல மாசம் தூங்கும். பழசுதான் சட்டுனு எழும்பும்" என்றாள்.

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கேட்கலாமென்றால் சித்தி இல்லை. அவள் எடுத்தது புது மூட்டைதானா என்று எனக்கே இப்போது குழப்பமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்: பங்குனியில் தூங்கின விதை ஆனி மழையில் விழித்துக்கொள்ளுமா? விதை புடைக்கிற பெண்ணுக்கு அது தெரிந்திருக்குமா?