நாறாத மீன்

என் அம்மாவைப் பொறுத்தவரை மீன் என்றால் நாற வேண்டும். நாறாவிட்டால் அது மீனே இல்லை. சேலத்துக்கு மேலே மலையில், தலைச்சோலைப் பக்கம் காப்பி எஸ்டேட் ஆட்களுக்கான வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்காரர் டூவீலரில் வருவார். கடலிலிருந்து சேலம், சேலத்திலிருந்து மலை என்று ஐஸ் பெட்டிக்குள் படுத்தே பயணம் செய்து களைத்துப்போன மீன். அம்மா செவுளைத் தூக்கிப் பார்ப்பதெல்லாம் கிடையாது. மூக்கைக் கிட்டே கொண்டுபோய், இது நேற்றையது, இது முந்தாநாளையது என்று பிரித்துவிடுவாள். பிரித்துவிட்டு, கவிச்சி தூக்கலாக இருப்பதைத்தான் வாங்குவாள். அரைக்கிலோ. எங்கள் இரண்டு பேருக்கு அதுதான் அளவு.

நான் சேலத்தில் நர்ஸ். அப்பா இல்லை. போன மாசம் ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மூன்று வருஷம் அங்கேயே இருக்க வேண்டும். வருகிறேனா இல்லையா என்று அடுத்த திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். அம்மா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. “அங்க நீ என்னத்தத் திம்பே? அதப் பாத்துட்டுத்தாஞ் சொல்லுவேன்” என்றாள். அவள் வேண்டாம் என்றால் நான் போகமாட்டேன். அது அவளுக்கும் தெரியும், அதுதான் வம்பே.

சரி, பார்த்துவிடு என்று வெள்ளிக்கிழமை காலையில் அவளைச் சென்னைக்குக் கிளப்பினேன். பெரிய ரோட்டில் பாறை சரிந்து கிடந்ததால் குப்பனூர் வழியாகத்தான் பஸ். வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வந்தவள், ரயிலில் ஏறியதும் பக்கத்து சீட்டுக்காரரிடம் என் ஜப்பான் கதையை முழுதாக ஒப்பித்தாள். எனக்கு மானம் போயிற்று.

சாயங்காலம் ஜப்பான் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனேன். சுஷி வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் சோற்று உருண்டை, மேலே ஒரு துண்டுப் பச்சை மீன். பச்சை மீனைக் கண்டு குதிப்பாள் என்று பயந்திருந்தேன். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கருவாட்டை மட்டும் அடுப்பிலா காய வைக்கிறார்கள் என்று என்னையே மடக்கினாள். ஆனால் தட்டை மூக்கருகே தூக்கியவள் முகம் மாறிவிட்டது. இன்னொரு தடவை முகர்ந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

“கவிச்சியே இல்ல கண்ணு. மருந்து போட்ட மீனு. தொடாதே.”

காப்பிச் செடிக்குப் பூச்சி மருந்தடித்துவிட்டு வருகிறவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்த கை அது. மருந்து என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் பிறகு அசைய மாட்டாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ம்ஹூம். கடைசியில் எல்லாவற்றையும் நானே தின்றேன், கோபத்தில் ருசியே தெரியவில்லை. ஜப்பான் போச்சு என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டேன்.

சென்னையில் இருக்கும் என் தோழி ஒருத்தியின் அறையில் தங்கினோம். மறுநாள் விடிந்ததும், வந்ததற்குக் கடலையாவது பார்க்கட்டும் என்று படகுகள் வந்து ஒதுங்கும் இடத்துக்கு அழைத்துப்போனேன். ஒரு அம்மாள் வலையிலிருந்து சங்கரா மீன்களை உதறிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊருக்கும் வரும் அதே சங்கரா. அம்மா பழக்கதோஷத்தில் குனிந்து ஒன்றை எடுத்து முகர்ந்தாள். பிறகு, மகராசி, சும்மா இருந்திருக்கலாம், “ஏனுங்க, இதுக்கும் மருந்து போட்டுட்டீங்களா?” என்று கேட்டுவிட்டாள்.

அந்த அம்மாள் அடிக்காத குறை. “இப்பத்தாம்மா கடல்லேர்ந்து வந்துச்சு. நாறுனா அது செத்து நாளாச்சுன்னு அர்த்தம்” என்றார்.

அம்மா கூடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மீன் ஒன்று இன்னும் வாலை அடித்துக்கொண்டிருந்தது.

“அப்ப இத்தன வருசமா நாம தின்னது?”

“முந்தாநேத்து” என்றேன். முதுகில் ஒன்று வைத்தாள். வைத்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அப்படி அவள் சிரித்து வருஷக்கணக்காகியிருக்கும். அங்கேயே ஒரு தள்ளுவண்டியில் சங்கராவை வறுத்து வாங்கி, கூடவே இறாலும் வாங்கி, மணலில் கால் நீட்டி உட்கார்ந்து தின்றோம். கையைக் கழுவியதும், அந்தக் கடைக்கு மறுபடி போகலாம் என்றாள்.

மதியம் அதே மேசை. நான் குச்சிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவள் உருண்டையை மூன்று விரலால் எடுத்து ஒரே வாயில் போட்டாள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடுக்கும் நாட்களில், பிசுபிசுத்த கையோடு பழையதை இப்படித்தான் உருட்டி வாயில் போட்டுக்கொண்டு அடுத்த செடிக்குப் போவாள். சோறு லேசாகப் புளிக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது என்று தன் பங்கு ஆறையும் முடித்து, என் தட்டிலிருந்தும் ஒன்றை எடுத்துக்கொண்டாள். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

ஆனால் பதில் மட்டும் வரவில்லை. ரயிலில் கேட்டேன். பஸ்ஸில் கேட்டேன். “ஊடு போயிச் சேரட்டும் சாமி” என்றாள். வீடும் வந்தது. படுத்துத் தூங்கிவிட்டாள். எனக்கு அப்படி ஒரு எரிச்சல்.

ஞாயிறு காலை மீன்காரர் ஹாரன் அடித்தார். அம்மா கிண்ணத்தோடு போனாள். நான் காப்பியோடு வாசலில் நின்றேன். பெட்டிக்குள் குனிந்தவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“நொம்ப நாறுதுங்க.”

மீன்காரருக்குப் புரியவில்லை. இத்தனை நாளும் நாறுவதைத்தானே கேட்டு வாங்கினீர்கள் என்றார்.

“எம்பொண்ணு போற ஊர்ல மீனு நாறாதுங்க” என்றாள் அம்மா. பிறகு கிண்ணத்தை நீட்டி, “எனக்கு இதே போதும். இனி ஒருத்திக்குத்தானுங்களே, கால்கிலோ போடுங்க” என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமும் வந்தது. கிளம்ப இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது, அதற்குள் என்ன அவசரம்? அரைக்கிலோவே போடுங்கள் என்று வாசலிலிருந்தே கத்தினேன்.