மாலைச் செய்தியில் விழுந்த கோடுகள்

என் கொழுந்தனார் கத்தாரில் வேலை செய்கிறார். போன முறை லீவில் வந்தபோது ஒரு சின்னக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வீட்டு டிவியோடு இணைத்தார். கூரையில் இருந்த அன்டெனாவின் வயரை அதற்குள் இருந்த டிவி கார்டில் செருகினார். அன்றிலிருந்து எங்கள் டிவி வேறு டிவியாகிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் நேரலையை நிறுத்திவைத்துவிட்டு டீ ஊற்றிக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். பிடித்ததைப் பதிந்தும் வைக்கலாம்.

இதில் அதிகம் மகிழ்ந்தவர் மாமா, என் கணவரின் அப்பா. தேயிலை ஃபெக்டரியின் இரைச்சலுக்குள்ளேயே காலத்தைக் கழித்தவர் என்பதால் அவருக்குக் காது மந்தம். செய்தி வாசிப்பவர் சொன்னது பிடிபடாவிட்டால் பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்பார். ஒரே செய்தியை அப்படி எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்பார். நான் பதுளை டவுனில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவள். அதனால் கொழுந்தனார் திரும்பிப் போனதும் அந்தப் பெட்டி என் பொறுப்பில் வந்து சேர்ந்தது.

ஐப்பசி மழை பிடித்தபோது கோளாறு தொடங்கியது. மாலைச் செய்தி போகும்போது திரையில் குறுக்கே வெள்ளைக் கோடுகள் விழுந்தன. சின்னச் சின்னத் துண்டுகளாக, யாரோ நகத்தால் கீறுவதுபோல. கூடவே படபடவென்று ஒரு சத்தம். பிறகு படம் அப்படியே உறைந்து நின்று, சிக்னல் இல்லை என்று எழுத்து வந்தது. கொஞ்ச நேரத்தில் தானே ஓடியது, மறுபடி நின்றது.

கொழுந்தனார் வாட்ஸ்அப்பில் வந்து ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னார். டிவி கார்டுக்கான மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். நேரலையைச் சேமிக்கும் இடத்தை வேறு டிஸ்க்குக்கு மாற்றினேன். படத்தின் தரத்தைக் குறைத்தேன். பதுளையில் புது வயர் வாங்கிவந்து, என் கணவரைக் கூரையில் ஏற்றி மாற்றவைத்தேன். எதற்கும் அது மசியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையாக உட்கார்ந்து பார்த்தேன். கொழுந்தனார் சேர்த்துவைத்திருந்த படங்கள் எப்போது போட்டாலும் சுத்தமாக ஓடின. பகலில் பதிந்த நிகழ்ச்சியிலும் ஒரு குறையும் இல்லை. முந்தின மாலையில் பதிவான செய்தியைப் போட்டால் மட்டும் அதே கோடுகள் அதே இடங்களில் இருந்தன. அப்படியானால் பெட்டியில் பழுது இல்லை. இருட்டத் தொடங்கியதும் வெளியிலிருந்து ஏதோ உள்ளே வருகிறது. அது வரும் நேரத்தில் எங்கள் வீட்டு பல்பும் லேசாக மங்குகிறது என்பதையும் அந்த வாரம்தான் கவனித்தேன்.

பதுளை பஜாரில் அன்டெனா சாமான் விற்கும் கடைக்கார நானாவிடம் போய்ச் சொன்னேன். மழை நாளில் அதிகமாகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றதும் கையில் இருந்த வயரைக் கீழே வைத்தார்.

“தங்கச்சி, இது டிவி கோளாறு இல்ல. ஒங்க வீட்டுக்குப் பக்கத்துல எங்கயோ கரண்ட் கசிஞ்சு பொறி பறக்குது. ஒரு பேட்டரி ரேடியோவ ஸ்டேஷன் இல்லாத எடத்துல வச்சுக்கிட்டு நடந்து பாருங்க. சத்தம் கூடுற பக்கம்தான் அது இருக்கு. ஆனா கிட்ட மட்டும் போயிராதீங்க.”

அன்று வேலை முடிந்து எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கம் போகும் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் வந்து இறங்கும்போது தூறல். என் கணவர் ஆட்டோ ஓட்டப் போயிருந்தார். திரையில் முதல் கோடு விழுந்ததும் ஒரு கையில் குடையும் மறு கையில் ரேடியோவுமாக வெளியே வந்தேன். எங்கள் வீடு லயத்தின் வரிசை வீடுகளில் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கமாக நடந்தால் இரைச்சல் குறைந்தது. திரும்பி மறுபக்கம் நடந்தேன். ஒவ்வொரு வாசலையும் கடக்கக் கடக்க, எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ரேடியோ பொரியத் தொடங்கியது.

கடைசி வீடு என் கணவரின் அக்காவுடையது. அண்ணி என்று கூப்பிடுவேன். அவர்கள் வீட்டைத் தாண்டியதும் பாதை கீழே ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலிக்கு இறங்கும். லயத்துப் பெண்கள் வேலை விட்டு வந்து குளிக்கவும் தண்ணீர் பிடிக்கவும் போகிற பாதை அது. அதன் ஓரத்தில்தான் அண்ணியின் கணவர் காய்கறித் தோட்டம் வைத்துப் போஞ்சி போட்டிருந்தார். அவரை அண்ணன் என்பேன். அந்த இறக்கத்தில் ரேடியோ அலறியது. ஒலியைக் குறைத்தேன், அப்போதும் அலறியது. நனைந்த இலைகளுக்குள் நீலமாக ஒரு துளி வெளிச்சம் தோன்றி அணைந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

“அங்க போகாத. திரும்பி வா.”

அண்ணி அடுப்படி வாசலில் நின்றிருந்தார். குரலை உயர்த்தவில்லை. மழையில் ரேடியோவோடு நான் என்ன செய்கிறேன் என்று அவர் கேட்காததுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். போன போகத்தில் காட்டுப்பன்றிகள் ஒரே ராத்திரியில் கிழங்குப் பாத்தி முழுவதையும் கிளறிவிட்டுப் போய்விட்டன. அதனால் அண்ணன் தோட்டத்தைச் சுற்றிக் கம்பி இழுத்து, மேலே போகும் கரண்ட் லைனில் மாட்டிவிடுகிறார். லயத்தில் எல்லோரும் வீட்டுக்குள் வந்த பிறகுதான் மாட்டுகிறார், விடியுமுன் கழற்றிவிடுகிறார், யாருக்கும் ஆபத்தில்லை என்றார். நான் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். பீலியடியில் யாரோ மறந்துவிட்டு வந்த வாளி ஒன்று நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

என் கணவரிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. தாய் இல்லாத வீட்டில் அவரை வளர்த்தது அந்த அக்காதான். கை கழுவிவிட்டுப் போய்ப் பேசினார். அண்ணன் சத்தம் போடாமல் கேட்டுக்கொண்டு, கழற்றிவிடுகிறேன் என்றாராம். அடுத்த நாளிலிருந்து செய்தி தெளிவாக வந்தது. நான் பெட்டியைத் திருத்திவிட்டேன் என்று மாமா எதிர் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் மறுக்கவில்லை.

பெரிய மழை பெய்த ஒரு மாலையில் கோடுகள் திரும்பி வந்தன. நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் எழுந்து போய் வாசலில் நின்றுவிட்டு வந்தார். ஏன் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. அதன்பிறகு அந்தத் திரையைச் செய்தி பார்க்கும் கண்ணால் என்னால் பார்க்க முடியவில்லை. கோடு விழுந்தால் கம்பியில் கரண்ட் இருக்கிறது. வெளியே யாராவது நடக்கும் சத்தம் கேட்கிறதா என்றே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டொரு நாளில் அண்ணி வீட்டு நாய் போஞ்சிப் பந்தலடியில் செத்துக் கிடந்தது. பாம்பு கடித்துவிட்டது என்று சொல்லிப் புதைத்தார்கள். குழி வெட்டக் கூடப் போன மாமா திரும்பி வந்து அன்று பகல் டிவியே போடவில்லை. சாயங்காலம் செய்தியில் கோடுகள் விழுந்ததும் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். செய்தி வாசிக்கும் பெண் வாய் திறந்தபடி நின்றாள். அவள் முகத்தின் குறுக்கே வெள்ளைக் கீறல்கள்.

“நாயோட வாயில கருகின தடம் இருந்துச்சு தாயி. இந்தக் கோடு எங்கருந்து வருது?”

அதற்குமேல் மறைக்க என்னால் முடியவில்லை. மாமாவின் காதருகில் போய்க் கம்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் மூலையில் மடித்திருந்த சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டுவார் என்று நினைத்தேன். அவர் அந்தக் கதவையும் தாண்டி நடப்பதைப் பார்த்த பிறகுதான் எங்கே போகிறார் என்று புரிந்தது. நானும் என் கணவரும் கூப்பிட்டுக்கொண்டே ஓடினோம். மழைச் சத்தத்தில் அந்தக் காதுக்கு எதுவும் எட்டவில்லை. வழுக்கும் பாதையில் கம்பியைத் தேடிக் கையால் இலைகளை விலக்கிக்கொண்டு அவர் இறங்கிக்கொண்டிருந்தார்.

என் கணவர் அண்ணனின் கதவை உடைப்பதுபோல் இடித்தார். அதற்குள் அண்ணி அடுப்படி வழியாக வெளியே பாய்ந்து, வழுக்கி விழுந்து எழுந்து, தன் அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தார். மாமா நின்றார். நீட்டியிருந்த கைக்கும் கம்பிக்கும் இடையே ஒரு போஞ்சிக் கொடிதான் இருந்தது. அண்ணன் மூங்கிலோடு ஓடிவந்து லைனிலிருந்து கொக்கியைத் தட்டிவிட்டார்.

மாமா பாத்தி வரப்பில் உட்கார்ந்தார்.

“இப்ப மாட்டுங்க மாப்ள. நா இங்கதான் இருப்பேன்.”

அன்றிலிருந்து மாமா சாயங்காலமானால் அங்கே போய்விடுவார். தகரம் தட்டுவார், டார்ச் அடிப்பார். இரண்டு நாள் பார்த்துவிட்டு அண்ணன் ஒரு காவல் குடிசை போட்டுக் கொடுத்தார். பிறகு அவரும் என் கணவரும் மாறி மாறிப் படுத்தார்கள். அப்படியும் பன்றிகள் வந்தன, பாதித் தோட்டம் போனது. அண்ணி எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பீலிக்கு நான் போனால் வாளியை எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்.

தை பிறந்த பிறகு, தூரத்தில் வேறொரு தேயிலைத் தோட்டத்தில் மாட்டுக்குப் புல் அறுக்கப் போன ஒருவர் இப்படி ஒரு கம்பியில் சிக்கிச் செத்துப்போனார். கம்பி கட்டியவர் அவருடைய சொந்தத் தம்பி என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அன்று மாலை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமா பாத்தி வரப்பில் உட்கார்ந்த நாளுக்குப் பிறகு முதல் தடவை. டிவியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். டீ கொடுத்தேன். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“அந்தக் கம்பி இன்னும் வீட்டுலதான் கெடக்கு மாமா,” என்றார்.

மாமா அதைக் கொண்டுவந்து தந்துவிடும்படி சொன்னார். அண்ணன் தலையாட்டினார். டீயைக் குடித்து முடித்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அன்று அவர் கொண்டுவரவில்லை. மறுநாளும் வரவில்லை. அண்ணியிடம் கேட்கும் நிலையில் நான் இல்லை. என் கணவர் அண்ணனிடம் ஒரு தடவை கேட்டதற்கு, தேடிப் பார்க்கணும் என்றாராம். மாமாவுக்கு இப்போது இருமல், பனியில் போய் உட்கார முடிவதில்லை. காவல் குடிசையின் கூரையும் சரிந்துவிட்டது. அண்ணன் இந்தப் போகத்துக்கும் போஞ்சி போட்டிருக்கிறார். பாதையை ஒட்டி, போன தடவையைவிட ஒரு பாத்தி கூடுதலாக.