சுழிக்குள் இருந்த பித்தளை

ஐடி கம்பெனிகள் பெருகிய காலம். கேளம்பாக்கத்தில் வாங்கிய வீட்டுக் கதவில் பதிக்க, 'தேன்மொழி' என்ற என் மனைவியின் பெயரைப் பித்தளை எழுத்துகளாக வெட்டித்தரச் சொல்லி ஒரு லேசர் பட்டறைக்குப் போனேன். இயந்திரத்தை ஓட்டியவர் பச்சைக் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். பளபளக்கும் பித்தளை லேசர் ஒளியைத் திருப்பி அடிப்பதால் வெட்டுவது கடினமாம். அவரோ நிதானமாக, பிசிறே இல்லாமல் வெட்டினார்.

பிறகு, எழுத்துச் சுழிகளுக்குள்ளிருந்து விழுந்த கடுகளவுத் துண்டுகளை இடுக்கியால் பொறுக்கிப் பொட்டலம் கட்டி நீட்டினார். எல்லோருக்கும் அப்படித்தான் தருவாராம்.

"குப்பைதானே இது?" என்றேன்.

"இன்னா சார் இப்டி சொல்ற? இதுங்க வெளிய வந்ததாலதான் அது பேரா நிக்குது."

வீட்டில் பொட்டலத்தைக் கொடுத்து, அவர் சொன்னதைச் சொன்னேன். தேன்மொழி பழைய பொருள் எதையும் வைத்திருக்கமாட்டாள். இரண்டு வீடு மாறியும், அந்தப் பொட்டலம் மட்டும் அவளுடைய கைப்பையில்தான் வந்தது.