செவ்வாய்க்கிழமை மழை

வானொலியில் மாநிலச் செய்தி முடிந்ததும் வானிலை அறிக்கை வரும். வட தமிழகக் கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை பெய்யக்கூடும், உள் மாவட்டங்களில் வறண்ட வானிலையே நிலவும் என்று அந்த அம்மாள் அலுங்காமல் குலுங்காமல் சொல்லி முடிப்பார். நெய்வேலியில் உட்கார்ந்து கேட்கிற எங்களுக்குத்தான் தலைவலி. நாங்கள் கடலோரமா, உள்ளா? மாவட்டம் தென்னார்க்காடு, அதற்குக் கடல் உண்டு. எங்களுக்கு? பஸ் ஏறிப் போனால் உண்டு. அறிக்கையில் எந்தப் பாதி எங்களுக்கு என்று தெரியாமல் சித்திரை முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொள்வோம்.

எனக்கு அது வெட்டிப் பேச்சு இல்லை. எழுபதுகளின் கடைசியில் நான் சுரங்கத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். என் கீழே முப்பது பேர், பாதிக்கு மேல் கம்மாபுரம் பக்கத்துப் பெண்கள். சரிவில் வடிகால் வெட்டி மண் சுமப்பது வேலை. கோடை மழை கால் மணி நேரம் அடித்தால் போதும், அந்தக் களிமண்ணில் நிற்கிறவர்கள் நேரே பள்ளத்தில்தான். மழைக்கு முன்னால் ஆட்களை மேலே ஏற்றியாக வேண்டும். காரணமில்லாமல் ஏற்றினாலோ காண்ட்ராக்டர் தொலைத்துவிடுவார்.

அதற்கு எனக்கு ஒருத்தன் இருந்தான். சுரங்கத்து மேட்டில் கம்பி வேலிக்குள் வெள்ளை மரப்பெட்டியும் மழை அளக்கிற குப்பியும் இருக்கும். அவற்றைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவது அவன் வேலை. பர்மனென்ட் ஆள், என் வயசு, என் சிநேகிதன். மத்தியானம் கடல் காற்று வந்துவிட்டால் அன்றைக்கு நாம் கடலோரம், வராமல் புழுங்கித் தள்ளினால் உள் மாவட்டம், எதற்கும் சாயங்காலம் மேற்கே ஒரு கண் வைத்துக்கொள் என்பான். வானொலி அம்மாள் சொன்னதை விட எனக்கு இவன் சொன்னதுதான் வேதவாக்கு. அவன் தங்கை புருஷனும் எங்கள் காண்ட்ராக்டிலேயே இன்னொரு சூப்பர்வைசர். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, இரண்டு குழந்தைகள். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் மீன் குழம்பு வைத்தால் எனக்கும் சேர்த்துத்தான் வைப்பார்கள்.

அந்த வருஷம் சுரங்கக் கம்பெனியில் பர்மனென்ட் ஆக்க எங்கள் காண்ட்ராக்டிலிருந்து ஒரே ஒரு பெயரை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். சீனியர் நான். என் பெயரை எழுதியாகிவிட்டது என்று காண்ட்ராக்டரின் மேனேஜரே சொன்னார். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு பெண்ணைப் பார்த்திருந்தேன். எனக்கு அவளைப் பிடித்திருந்தது, அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. அவள் அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: பர்மனென்ட் ஆர்டர் கைக்கு வரட்டும், ஆவணியில் கல்யாணம்.

அன்று செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் அறிக்கையில் வழக்கமான அதே ஓரிரு இடங்கள். மூன்று மணிக்கு அவன் மேட்டிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான்.

"ஏத்துடா எல்லாரையும். அரை மணிக்கு மேல தாங்காது."

ஏற்றினேன். கடைசிப் பெண் கூடையோடு மேலே வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஊற்று ஊற்றென்று ஊற்றியது. அவனும் நானும் தொப்பலாக நனைந்து ஒரே தகரக் கொட்டகைக்குள் நின்றோம். நாங்கள் வெட்டிய வடிகால் எங்கள் கண் முன்னாலேயே சரிந்து மூடிக்கொண்டது. அன்றைக்கு முப்பது பேர் உயிரைக் காப்பாற்றினவன் அவன்தான், அதை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன். இனி வேலை நடக்காது என்று ஆட்களை வீட்டுக்கு அனுப்பினேன்.

பாழாய்ப் போன அந்த மழை எங்கள் பக்கத்தோடு நின்றுவிட்டது. மந்தாரக்குப்பத்தில் ஒரு சொட்டு இல்லை. மேனேஜர் அன்று கடலூரில் வெயிலில் வெந்துகொண்டிருந்தார். பத்து நாள் கழித்து அவருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது: மழையே இல்லாத நாளில் நான் பாதி ஷிப்டில் வேலையை நிறுத்தி ஆட்களை வீட்டுக்கு அனுப்பினேனாம். சரிந்த வடிகாலை அதற்குள் நாங்களே வெட்டிச் சரிசெய்திருந்தோம். இல்லாவிட்டால் அதுவாவது எனக்குச் சாட்சி சொல்லியிருக்கும்.

மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தபோது நான் பதறவே இல்லை. மழைப் புத்தகம் வைத்திருக்கிறவனையே கூப்பிட்டுக் கேளுங்கள் சார் என்று சொன்னேன். நானே சொன்னேன்!

அவன் புத்தகத்தோடு வந்தான். செவ்வாய்க்கிழமைக்கு என்ன போட்டிருக்கிறது என்று மேனேஜர் கேட்டார். அவன் அந்த வரியில் விரலை வைத்தான்.

"மழை இல்லைங்க சார்."

எட்டிப் பார்த்தேன். செவ்வாய்க்கு நேரே சைபர். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. வாசலில் நின்றிருந்த கம்மாபுரத்து அம்மா ஒருத்திதான் வாய் திறந்தாள்: "நனைஞ்சிகினே ஏறி வந்தது நாங்க. புஸ்தகமா நனைஞ்சிச்சி?" என் ஆட்கள் எனக்குத்தானே பேசுவார்கள் என்று மேனேஜர் அவளை அனுப்பிவிட்டார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் அவனைச் சந்தேகப்படவில்லை, என்னைத்தான் சந்தேகப்பட்டேன். மழை திங்கட்கிழமை பெய்திருக்குமோ, நான்தான் நாளைக் குழப்பிக்கொண்டேனோ என்று இரண்டு நாள் கிறுக்குப் பிடித்தவன் போலத் திரிந்தேன். வாரக் கடைசியில் என் பெயரை அடித்துவிட்டு அவன் தங்கை புருஷன் பெயரை எழுதினார்கள். அப்போதும் புத்தி வரவில்லை. நேராக அவனிடமே போய், அன்றைக்கு மழை எந்தக் கிழமைடா பெய்தது என்று கேட்டேன்.

வேலிக்குள் குப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "செவ்வாதான்" என்றான்.

காலை எட்டரை மணிக்கு மழையை அளப்பார்களாம். முந்தின நாள் எட்டரையிலிருந்து பெய்ததெல்லாம் அளக்கிற நாளின் கணக்கில் ஏறுமாம். செவ்வாய் சாயங்காலம் பெய்தால் அது புதன்கிழமை வரியில்தான் இருக்கும், எல்லா ஊரிலும் அதுதான் முறை என்று நிதானமாக எனக்குப் பாடம் எடுத்தான். நாங்கள் நனைந்த மழை அந்தப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது, அவன் விரலுக்கு ஒரு வரி கீழே.

"அத ஏண்டா அங்க சொல்லல?"

"அவரு செவ்வாக்கு என்னன்னுதான் கேட்டாரு. நான் பொய் சொல்லலியே."

குழி தோண்டியே பிழைக்கிற ஊர் எங்களுடையது. கூட இருந்தே எனக்குக் குழி பறித்தவன் இவன் ஒருத்தன்தான். மொட்டைக் கடிதமும் உன் வேலைதானா என்று கேட்டேன். துடைத்த குப்பியையே மறுபடி துடைத்தான்.

"தங்கச்சிக்கு ரெண்டு புள்ளைங்கடா. நீ ஒண்டிக்கட்ட. உனக்கென்ன, அடுத்த வருசம் ஆயிடும்."

அடுத்த வருஷம் பெயரே கேட்கவில்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் சொன்னபடி அந்த ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது, விருத்தாசலத்து மாப்பிள்ளையோடு. நான் அவனோடு பேச்சை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போவதையும் நிறுத்தினேன்.

மறு சித்திரை. வானொலி கடலோரம், உள் மாவட்டம் என்று தொடங்கிவிட்டது. ஒரு நாள் மூன்று மணிக்கு மேற்கே கருத்தது. முப்பது பேர் சரிவில் நின்றார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய், அவன் முகத்தைப் பார்க்காமல், ஏற்றலாமா என்று கேட்டேன். ஏற்று என்றான். அவனை நம்பித்தான் ஏற்றினேன்.